வினாத்தாளுக்குப் பணம் தர மறுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள்

இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையே என்று கேட்டால், அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: "வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், மெதுவாகத்தான் பேசுவான்." தொலைபேசியில் பாட்டியும் அதையே சொல்வார். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. இந்த ஆறுதலில் கழியும் மாதங்களே பேரிழப்பு. ஏனெனில், கூட்டாட்சிச் சட்டம் வழங்கும் ஆரம்பகாலத் தலையீட்டுச் சேவை பொதுவாக மூன்றாம் பிறந்தநாளுடன் முடிந்துவிடுகிறது.

அம்மாதங்களை மீட்பதற்காகவே 9, 18, 30 மாதங்களில் வளர்ச்சிப் பரிசோதனையும், 18, 24 மாதங்களில் ஆட்டிசப் பரிசோதனையும் செய்யுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. மருத்துவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு "நன்றாக இருக்கிறான்" என்பதன்று இப்பரிசோதனை. தரப்படுத்தப்பட்ட வினாத்தாளைப் பெற்றோர் நிரப்ப, பணியாளர் மதிப்பெண் கூட்ட, மருத்துவர் விளக்க வேண்டும். இதற்கென்றே 96110 என்னும் தனிக் கட்டணக் குறியீடு உள்ளது.

ஆயினும் சில காப்பீட்டு நிறுவனங்கள், "வழக்கமான நலப் பரிசோதனைக் கட்டணத்திலேயே இதுவும் அடங்கும்" எனக் கூறிக் கையை விரிக்கின்றன. என்ன நியாயம் இது? கட்டண அளவுகோலில் இக்குறியீட்டுக்கு மருத்துவரின் உழைப்பு கணக்கிடப்படவே இல்லை. பணியாளரின் நேரமும் வினாத்தாளின் செலவுமே பெரும்பகுதி. மருத்துவருக்குரிய கட்டணத்தில் அவை எவ்வாறு அடங்கும்? அதே நாளில் போடப்படும் தடுப்பூசிக்குத் தனியே பணம் தருவோர்தாம் இவ்வாறு வாதிடுகின்றனர். வறிய குழந்தைகளுக்கான மெடிக்கெய்டு திட்டமே பல மாநிலங்களில் இதற்குத் தனியே பணம் தருகிறது!

2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், இப்பரிசோதனைக்குப் பெற்றோரிடம் பங்குத் தொகை வாங்கலாகாது என்றது. மருத்துவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நிறுவனங்கள் ஒளிந்துகொள்கின்றன. ஊதியமில்லாத வேலை நெரிசலான மருத்துவமனையில் முதலில் கைவிடப்படும், இழப்பு குழந்தைக்கு.

நம்மவரில் கணினித் துறையினர் பலர் அறியாத செய்தி ஒன்று. பெரிய நிறுவனங்களில் மருத்துவச் செலவை ஏற்பது பெரும்பாலும் வேலை தரும் நிறுவனமே. அட்டையில் பெயருள்ள காப்பீட்டு நிறுவனம் வெறும் கணக்குப்பிள்ளை. இத்தகைய திட்டங்களை மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்புவதினும் மனிதவளத் துறைக்கு எழுதும் கடிதமே இங்கு வலியது. ஆண்டுதோறும் திட்டம் தேர்ந்தெடுக்கும் காலத்தில் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் என்ன கிடைக்கும் என்று துருவித் துருவிக் கேட்கும் பெற்றோர், "96110க்குத் தனியே பணம் தருகிறீர்களா? இல்லையெனில் ஏன்?" என்றும் எழுத்தில் கேட்கட்டும்.