"ஸ்ட்ரைக்" என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்வது யார்?

மாதவரத்துக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் தோழரிடம் "ஸ்ட்ரைக் என்றால் என்ன?" என்று கேட்டால் சிரிப்பார். பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காதவர்கூட இந்த இங்கிலீஷ் சொல்லைத் தமிழ்ச் சொல்லாகவே பேசுகிறார். கூடிப் பேசி வேலையை நிறுத்தினால் ஸ்ட்ரைக். இதற்கு அகராதி எதற்கு?

எதற்கென்றால், நாம் சொல்லும் அர்த்தம் வேறு, சட்டம் சொல்லும் அர்த்தம் வேறு. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இந்தச் சொல்லின் எல்லையை அகலமாக்கியிருக்கிறது. நாம் லீவு என்று நினைத்து எழுதிக் கொடுப்பது, நாளை ஸ்ட்ரைக் என்று நம் தலையிலே விழலாம். ஆகவே இந்தச் சொல்லின் கதையைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலீஷில் ஸ்ட்ரைக் என்றால் முதல் அர்த்தம் அடிப்பது. தீக்குச்சியை உரசினால் ஸ்ட்ரைக். கடிகாரம் மணி அடித்தால் ஸ்ட்ரைக். பேரம் படிந்தால் அதற்கும் இதே சொல். ஆகாய விமானம் குண்டு போட்டாலும் ஸ்ட்ரைக்தான். முதலாளிமார்களுக்கு இந்த 'அடி' என்ற அர்த்தம் மிகவும் பிடிக்கும். தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாலும், யாரையோ அடித்துவிட்டான் என்று கூக்குரல் போடலாம் அல்லவா?

ஆனால் தொழிலாளியின் ஸ்ட்ரைக் பிறந்த இடம் வேறு. அது துறைமுகத்தில் பிறந்தது. கப்பலின் பாயை இறக்குவதற்கும் இங்கிலீஷ் மாலுமிகள் ஸ்ட்ரைக் என்றே சொல்வார்கள். 1768-ல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். கப்பல்கள் நகரவில்லை. அன்று முதல் வேலையை நிறுத்துவதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பாய் இறக்கினால் மரம் நகராது என்று காசிமேட்டு மீனவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. நம்முடைய 'வேலைநிறுத்தம்' என்ற சொல்லும் இதையே சொல்கிறது. அடித்தது யாரையும் இல்லை. ஓடியதை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லுக்கு முதலாளி வர்க்கம் எப்படியெல்லாம் அர்த்தம் கட்டியது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மாதவரத்துக்குத் தெற்கே பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள் இருந்தன. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தத் தொழிலாளர்களின் நடுவில்தான். 1920 கடைசியில் பக்கிங்ஹாம் மில்லில் கதவடைப்பு நடந்தது. அப்போது சங்கத் தலைவர் வாடியா முதலியோர்மீது கம்பெனி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. வேலைக்குப் போகாதே என்று சொல்வது ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றமாம்! கோர்ட்டும் தடை உத்தரவு போட்டது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் என்ற இந்த நிலைமையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பலனாகத்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அடுத்த கதையைக் கேளுங்கள். 1948 நவம்பர் 1-ந் தேதி சூரிய கிரகணம். அன்று லீவு விடும்படி கர்னாடிக் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது. கார்டிங், ஸ்பின்னிங் பகுதிகளில் இரவு ஷிப்டைச் சேர்ந்த 859 பேர் மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் வேலையை நிறுத்தினார்கள். இரவு 10 மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நிர்வாகம் விடவில்லை. இது சட்டவிரோத ஸ்ட்ரைக், ஆகவே தொடர்ச்சியான சர்வீஸ் அறுந்துவிட்டது, சம்பளத்தோடு கூடிய விடுமுறை கிடையாது என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1952 டிசம்பரில் கோர்ட் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லோரும் ஒன்றாக வேலையை நிறுத்தியதே கூடிச் செய்ததற்கு அடையாளம் என்று கொள்ளப்பட்டது. சில மணி நேர நிறுத்தம். போனதோ வருஷ விடுமுறைச் சம்பளம்!

இப்போது மூன்றாவது அர்த்தம். புதிய தொகுப்பின்படி, ஒரு தொழிலில் வேலை செய்வோரில் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடிப் பேசிக் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் ஸ்ட்ரைக். 20 பேர் வேலை செய்யும் ஒரு கிடங்கு. அதில் 10 பேர் ஒரே ஊர்க்காரர்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஒன்றாக லீவு எழுதிக் கொடுக்கிறார்கள். இதைக் கிரகண வழக்குப் போல நிர்வாகம் முறுக்கிப் பார்க்காது என்று யார் சொல்ல முடியும்? சட்டவிரோத ஸ்ட்ரைக்குக்குப் பழைய சட்டத்தில் அபராதம் 50 ரூபாய் வரை. இப்போது 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 10,000 ரூபாய் வரை. ஒரு மாதச் சிறையும் உண்டு.

கதவடைப்புக்கும் இதே முன்னறிவிப்பு விதி உண்டு, தண்டனையும் உண்டு என்று சிலர் சமாதானம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதே தொகுப்பின் இன்னொரு பக்கத்தைப் புரட்டுங்கள். 100 பேர் வேலை செய்தாலே ஆலையை மூட சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. அது 300 பேர் என்று உயர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர் அனுமதி கேளாமல் ஆலையையே இழுத்து மூடலாம். தொழிலாளி ஒரு நாள் வீட்டில் இருந்தால் ஸ்ட்ரைக். முதலாளி நிரந்தரமாகப் பூட்டினால் வியாபார நிர்ப்பந்தம்! இதுதான் அவர்களுடைய அகராதி.

விவசாயக் கூலித் தோழர்களுக்குக் கேஷுவல் லீவு என்ற பேச்சே இல்லை. அறுவாளைக் கீழே வைப்பதுதான் அவர்களுடைய ஸ்ட்ரைக். கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டாமலே நிலப்பிரபுக்கள் அந்தச் சொல்லுக்கு நெருப்பினால் அர்த்தம் எழுதினார்கள். அந்த நெருப்பையும் தாண்டி, கீழ்த் தஞ்சையின் வயல்களில் செங்கொடி நின்றது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? சட்டத்தைக் கண்டு பயந்து ஓடுவதில்லை, படித்துக்கொண்டு நடப்பது. முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் நோட்டீஸ் இப்போது எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். எழுத்து மூலம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஸ்ட்ரைக் நடக்காவிட்டால் அது செல்லாது. சமரச அதிகாரி முதல் கூட்டம் போட்டுவிட்டால், பேச்சு முடிந்து 7 நாள் ஆகும்வரை நிறுத்த முடியாது. கணக்குப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். லீவு எழுதும்போது அவரவர் காரணத்தை அவரவர் காகிதத்தில் தெளிவாக எழுதுங்கள். 'கூடிப் பேசி' என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருக்கிறது. நிர்வாகம் ஸ்ட்ரைக் என்று சொன்னால், எங்கே கூடினோம் காட்டு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காண்ட்ராக்ட் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.

தோழர்களே! 1920-ல் கோர்ட் குற்றமென்று சொன்னதை 1926-ல் சட்டமே உரிமையென்று சொல்லும்படி ஆயிற்று. அகராதியை எழுதியது கோர்ட்டுகள் மட்டுமல்ல. பெரம்பூர் மில் தொழிலாளியும் அதில் எழுதினான். அடுத்த வரியை எழுத வேண்டியவர்கள் நாம்.