உப்பும் தண்ணீரும்!

வியர்த்து வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது தமிழர் பண்பு. பட்டினப்பாக்கத்து வெயிலில் மீன் கூடையை இறக்கி வைத்தவன் கையில் இளநீரைக் கொடுப்பது அன்பின் அடையாளம். ஆனால், சிறுநீரகம் செயலிழந்த தோழனுக்கு அந்த இளநீர் நஞ்சாகலாம். அந்தச் செம்புத் தண்ணீர் மூச்சை அடைக்கலாம். கொடுமையல்லவா? கொடுமைதான்! ஆனால், கண்ணீர் வடிப்பதால் உயிர் பிழைக்காது. உண்மையை உணர்ந்தால் பிழைக்கும்.

1943-இல், ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் இரத்தத்தைத் தூய்மையாக்கும் பொறியைச் செய்தார். நெருக்கடி நிலைக் காலமான 1975-இல் சிறைப்பட்டிருந்தபோது சிறுநீரகம் கெட்ட ஜெயப்பிரகாஷ் நாராயண், 1979-இல் மறையும்வரை டயாலிசிஸ் பொறியின் துணையோடுதான் வாழ்ந்தார். அன்று தலைவருக்குக் கிடைத்த சிகிச்சை இன்று அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் தினக்கூலிக்காரனுக்கும் கிடைக்கிறது. வரவேற்கிறோம்!

ஆனால், வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றாலும் பொறி காப்பது 12 மணி நேரமே. பலருக்கு வாரம் இரண்டு முறையே வாய்க்கிறது. வாரத்துக்கு மணி நேரம் 168. எஞ்சிய 156 மணி நேரமும் காவல் நிற்பது யார்? நோயாளியின் நாக்கு!

சிறுநீர் பிரியாதபோது குடித்த நீர் உடம்பிலேயே தங்குகிறது. கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே, ஒரு நாளில் கழியும் சிறுநீரின் அளவோடு அரை முதல் முக்கால் லிட்டர் வரையே பொதுவான கணக்கு. தேநீரும் மோரும் ரசமும் கஞ்சியும் அந்தக் கணக்கில் அடக்கம். தாகத்துக்குத் தாய் உப்பு! கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் விடாதவன் தாகத்தை வெல்ல முடியாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். அதைத் தொட வேண்டாம். இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடியிலும் பொட்டாசியம் மிகுதி. மிகுந்தால் இதயமே நின்றுவிடும். காய்கறியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். அதற்காகப் பட்டினி கிடக்கலாமா? கூடாது! டயாலிசிஸில் புரதமும் கரைந்து போகிறது. முட்டையின் வெள்ளைக்கருவும் உப்பிடாத புது மீனும் மருத்துவர் சொன்ன அளவில் வேண்டும்.

"வாயைக் கட்டு" என்று ஏழைக்கு உபதேசிப்பது எளிது. சிகிச்சை நாளில் அவன் இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு? சீனிவாசபுரத்து அடுப்பில் என்ன வேகிறது என்று அறியாமல் ஓட்ஸும் ஆப்பிளும் எழுதிக் கொடுப்பதால் என்ன பயன்? டயாலிசிஸ் பிரிவுதோறும் உணவு ஆலோசகர் வேண்டும். குப்பத்துச் சோற்றுக்கேற்ற அறிவுரை வேண்டும். உழைப்பவன் வேலைக்குப் போய்வர இரவு நேர சிகிச்சை வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்!

அரசிடம் கேட்போம், நம் கடமையையும் செய்வோம். தோழர்களே! நம் படிப்பகங்களில் ஒரு எடை இயந்திரம் வையுங்கள். நோயுற்ற தோழன் நாள்தோறும் காலையில் எடை பார்க்கட்டும். இரு சிகிச்சைகளுக்கு இடையே இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறினால் எச்சரிக்கை! கூட்டம் முடிந்ததும் அவன் கையில் தேநீரைத் திணிக்காதீர்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால், வற்புறுத்தாமல் இருப்பதே தோழமை!