மட்டி விற்கும் முன் குழாயைத் தேடுவோம்

வியாபாரச் சகோதரர்களே, யாழ்ப்பாணக் கடல்நீரேரி நண்டுக்கும் இறாலுக்கும் விலை கிடைப்பதைக் கண்டு, மட்டியையும் சிப்பியையும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அனுப்பலாம். அதற்கு முன் கரையோரமாக நடந்து பார்க்கச் சொல்வேன்.

மட்டி நண்டைப் போல் இரை தேடி ஓடாது. இருந்த இடத்திலேயே நீரை இழுத்து வடித்துத் தின்னும். நீரில் மலக்கிருமி இருந்தால் அதுவும் சதைக்குள் சேரும். 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில் கழிவு கலந்த நீரில் எடுத்த மட்டியை அரைவேக்காட்டில் தின்று ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செங்கண்மாரியில் விழுந்தார்கள். ஐரோப்பாவில் மட்டியை நேரே சந்தைக்கு விட, 100 கிராம் சதையில் ஈ.கோலி கிருமி பொதுவாக 230ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுத்த நீரில் வைத்தெடுப்பது போன்ற சுத்திகரிப்புக்குப் பிறகே விற்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்?

நமது நகரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை மலசலகூடக் குழிதான். அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாகக் குழிநீர் கிணற்றுக்கும் போகும், கடலுக்கும் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கைகாட்ட ஒரு மின் உற்பத்திக் கம்பனி இருந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கடல்நீரேரிக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. பல சிறு குழாய்கள். அவற்றில் சில நம் சாப்பாட்டுக்கடை, கோழிக்கடைகளின் பின்பக்கத்திலிருந்தும் வரலாம்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. பங்குனி வெயிலிலும் ஒரு வெள்ள வாய்க்காலில் நீர் ஓடினால் அது மழைநீர் அல்ல, யாரோ விட்ட கழிவாக இருக்கலாம். வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் மாதிரி எடுத்து, கிருமி கூடிய வாய்க்காலைப் பிடித்து மேலே ஏறி, ஒவ்வொரு பிரிவிலும் மாதிரி எடுக்க வேண்டும். சந்தேகமான மலசலகூடத்தில் சாயம் ஊற்றினால் வாய்க்காலில் நிறம் காட்டிக்கொடுக்கும். பிறகு கசியாத தொட்டி கட்டி, நிறைந்ததும் பவுசரில் அகற்றலாம். பவுசர் அதை எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள்!

2015இல் ஐரோப்பா இலங்கை மீனுக்குக் கதவடைத்தது. 2016 நடுவில்தான் திறந்தது. காரணம் சட்டவிரோத மீன்பிடி. பிழை சிலருடையது, நட்டம் ஒழுங்காகத் தொழில் செய்தவருக்கும்தான்.

மாநகர சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மாதிரிச் செலவை வர்த்தகர்கள் நாமே பங்கிட்டு, ஐப்பசி மழைக்கு முன் தொடங்கலாம். முதல் மாதிரியை நம் கடைவரிசைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் எடுப்போம்.