என் அண்ணன் வாங்காத அடியா?

போன வாரம் தேரடிப் பக்கம் ஒரு வளைகாப்பு. ஒரு மாதமாகக் கல்லூரிக்குப் போகாமல் அறையிலேயே முடங்கிக் கிடக்கும் சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிப் பந்தியில் பேச்சு வந்தது. “சின்ன வயசுல நாலு சாத்து சாத்தியிருந்தா இப்படி மனசு ஒடிஞ்சு கெடப்பாளா? நாங்கல்லாம் வாங்காத அடியா?” என்றார் பெரியப்பா முறையுள்ள ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அண்ணன் வாங்காத அடியா? அப்பாவின் பெல்ட்டுக்கு நேரம் காலம் கிடையாது. பிளஸ் டூவில் அவன் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டான் என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவே சொன்னது. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானே, அப்போது அந்தத் தெரு எங்கே போயிற்று? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டானாம். தூங்காத அந்த ராத்திரிகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தம்பி நான்தான். நாற்பது வயதாகியும் அவன் பெல்ட் கட்டுவதில்லை.

1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அடி, வசவு, குடிகாரர் இருக்கும் வீடு என்று நாலு வகைத் துன்பமாவது பட்டவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு. நம் மத்திய அரசே 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் அடிபட்டவர்கள். அடிதான் உறுதி தரும் என்றால் நம் பிள்ளைகள் இரும்பாக அல்லவா இருக்க வேண்டும்? 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் ஏன் தற்கொலை செய்துகொண்டார்கள்?

பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நாமோ, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்” என்று வாத்தியாரிடமே சொல்லிவிட்டு வருகிறோம். அடி மட்டுமா? பிள்ளைகளின் பயத்தையும் நாம் கேட்பதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடியது. நஷ்டஈடு பற்றிப் பேசினோம், கசியவிட்ட கம்பெனியை மூடச் சொன்னோம். அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து ‘இன்னும் பயமா இருக்கா’ என்று கேட்டவர் எத்தனை பேர்? நாளைக்கு அவர்கள் கல்லூரியில் சுருண்டு படுத்தால், அப்போதும் அடி போதவில்லை என்பீர்களா?

என் அண்ணன் வாங்காத அடியா, பெரியப்பா? அந்தப் பெண்ணின் அறைக்குப் போய் “என்னம்மா ஆச்சு?” என்று ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். கேட்க வாய் வரவில்லையென்றால் 14416ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவும் பகலும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.