"சும்மாவா என் வயித்த வெட்டினாங்க?"

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் சென்ற மாதம் பாடசாலைக்கு வந்தார். மலையிலிருந்து நேரே வந்ததால் இடுப்பில் படங்கு கட்டியபடியே இருந்தது. கையில் ஆஸ்பத்திரி கொடுத்த டயக்னோசிஸ் காட். "டீச்சர், இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சு சொல்லுங்க. சும்மாவா என் வயித்த வெட்டினாங்க?" என்று கேட்டார்.

நான்கு மாதங்களுக்கு முன் பிறந்தது அவருடைய மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் சுகப்பிரசவம். இம்முறை வலியோடு போனவருக்கு வயிற்றில் பெல்ட் கட்டி, கடதாசி ஓடும் மெஷினில் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தாதிமார் ஓடி வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்ததும் நன்றாக அழுதது. அதுதான் அவருக்குச் சந்தேகம். காட்டில் காரணமாக இருந்தது இரண்டே இங்கிலிஷ் சொற்கள்: பீட்டல் டிஸ்ட்ரெஸ். பிள்ளை வயிற்றுக்குள் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம்.

"சும்மா வெட்டல்லம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இது வைத்தியர்களே அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

பெல்ட் மெஷின் காட்டுவது பிள்ளையின் இதயத்துடிப்பை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை என்றால் வழமை. அது விழுந்தாலோ, ஓட்டம் மாறினாலோ பிள்ளைக்கு ஒட்சிசன் குறைகிறதோ என்ற சந்தேகம் எழும். சந்தேகம் மட்டும்தான். கோடு மோசமாக ஓடிய பல பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கின்றன. அவ்வப்போது காது வைத்துக் கேட்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், இந்த மெஷினால் பிறந்த பிள்ளைகளுக்கு வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் சத்திரசிகிச்சை கூடியது.

சந்தேகத்தைத் தீர்க்க ஜேர்மனியில் சாலிங் என்ற வைத்தியர் 1960களில் ஒரு வழி கண்டார். பன்னீர்க்குடம் உடைந்து, கருப்பை வாய் ஓரளவு திறந்தபின், பிள்ளையின் உச்சந்தலைத் தோலில் சிறிதாகக் கீறி இரத்தம் எடுத்துச் சோதிப்பது. முதலில் பார்த்தது இரத்தத்தின் அமிலத் தன்மையை. பின்னர் லக்டேட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

லக்டேட் நமக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது. நிறைந்த கூடையோடு ஏற்றத்தில் வேகமாக ஏறி மூச்சு வாங்கும்போது நம் இரத்தத்திலும் அது கூடுகிறது. ஒட்சிசன் போதாத உடம்பு சீனியை அரைகுறையாக எரிக்கும்போது மிஞ்சுவது அது. வலி நெருங்கி நெருங்கி வந்து நச்சுக்கொடி வழியான இரத்தம் குறையும்போது பிள்ளைக்கும் அதே கதிதான்.

இதை அளக்கும் கருவி, சீனி வருத்தத்துக்குப் பார்க்கும் மெஷினைப் போலக் கைக்குள் அடங்கும். அதிகம் பாவிக்கப்பட்ட ஒன்று ஜப்பானில் விளையாட்டு வீரர்களுக்காகச் செய்யப்பட்டது. ஒரு மில்லிலீற்றரில் இருநூறில் ஒரு பங்கு இரத்தம் போதும். ஒரு நிமிடத்தில் விடை. அந்தக் கருவியில் 4.2க்குக் கீழ் என்றால் பொறுக்கலாம், 4.8க்கு மேல் என்றால் உடனே பிள்ளையை எடுக்க வேண்டும், இடையில் நின்றால் திரும்பவும் பார்க்க வேண்டும். சுவீடனில் ஏறத்தாழ மூவாயிரம் தாய்மாரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2008ல் வெளியிட்டார்கள். அமிலச் சோதனை பத்தில் ஒரு தடவை சரிவராமல் போனது. லக்டேட் சரிவராமல் போனது நூறில் ஒன்று அளவில்தான். பிள்ளைகளின் நிலையில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் இந்தக் கருவியைக் கேட்டுப் போராடுவோமா என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். முதல் கோரிக்கையாக இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். தலையில் இரத்தம் எடுப்பதால் சத்திரசிகிச்சை குறைகிறது என்பதற்குச் சான்று போதாது என்று 2022ல் இங்கிலாந்தின் வழிகாட்டல் குழு இதற்கு ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரை செய்யாமல் விட்டுவிட்டது. பழகிய வைத்தியரும் உடனே திறக்கக்கூடிய தியேட்டரும் இல்லாத இடத்தில் கருவி அலுமாரியில்தான் கிடக்கும். பெரிய வைத்தியசாலைகளில் நிபுணர்கள் வேண்டுமென்றால் வாங்கட்டும், ஆதரிப்போம்.

நாம் கேட்க வேண்டியது வேறு. வலி தொடங்கிய தாயின் வயிற்றில் அரை மணிக்கு ஒரு தடவையாவது, முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பிள்ளையின் துடிப்பைக் கேட்க ஆள் இருக்க வேண்டும். கைக்கருவி ஒன்றும் பழகிய காதும் போதும். 1990 அம்புலன்ஸ் இலவசம்தான். அது லயத்தடி வரை வர பாதை வேண்டும். பாதை போடும் வரை தோட்ட வாகனம் இரவிலும் சாவியோடு நிற்க வேண்டும். யாரிடம் சாவி என்று ஒவ்வொரு டிவிசனிலும் எழுதி ஒட்டட்டும்.

பிரசவ அறையில் தமிழ் பேசும் ஒருவர் எல்லா நேரமும் வேண்டும். தமிழும் அரச கரும மொழி. "பிள்ளையின் துடிப்பு விழுகிறது, காத்திருந்தால் ஆபத்து வரலாம், அதனால் வெட்டுகிறோம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அது சொல்லப்படாததால்தான் அந்தத் தாய் நான்கு மாதம் சந்தேகத்தோடு இருந்தார்.

பிரசவ விடுமுறையும் பேச வேண்டியது. 2018 திருத்தத்தின்பின் எத்தனையாவது பிள்ளைக்கும் 12 வாரம் உண்டு. வெட்டுக்காயத்தோடு வந்தவருக்கும் அதே 12 வாரம்தான். அதன்பின் அதே ஏற்றம், அதே கூடை. காயம்பட்டவருக்கு ஆரம்பத்தில் இலேசான வேலை கொடுக்க எந்தத் துரைக்கும் சட்டம் தடையில்லை. கேட்க ஆள்தான் இல்லை.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "சந்தேகத்துல வெட்டினாங்க. பிள்ள நல்லா இருந்ததும் உண்ம, சந்தேகம் வந்ததும் உண்ம. அத உங்ககிட்ட சொல்லாம விட்டதுதான் பிழை." அவர் காட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதர் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு காட் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் நீங்களும் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறேன்.