ரெண்டு தடவை மோதாதவன் என்னய்யா எதிரி?

மு.கு: இது அமெரிக்கக் காலேஜ் பேஸ்கட்பால் பத்தின புலம்பல். பந்தாட்டம்னாலே அலர்ஜிங்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். ஒரு நல்ல விஷயத்தைத் துட்டு வந்து எப்படி நாசம் பண்ணுதுன்னு பாக்கணும்னா மேல படிங்க.

மார்ச் மாசம் பொறந்தா போதும், ஊர்ல இருக்கற அத்தனை பேரும் பேஸ்கட்பால் நிபுணர் ஆயிடுவாங்க. 68 டீம் இருக்கற பிராக்கெட் தாள் ஒண்ணு ஆபீஸ் பூரா சுத்தும். ஆளுக்கு அஞ்சு டாலரோ பத்து டாலரோ போட்டு, எந்த டீம் எதை அடிக்கும்னு பேனாவால கோடு இழுப்பாங்க. யூனிஃபார்ம் கலரைப் பாத்து டீம் எடுக்கறவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். அது வேற கதை. இந்த மகானுபாவர்கள் ஜனவரி மாசத்துல நம்மளைப் பாத்துக் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு: "எல்லாம் மார்ச்ல தெரிஞ்சுடப் போவுது, இப்ப எதுக்குய்யா செவ்வாக்கிழமை ராத்திரி உக்காந்து கண்ணு முழிக்கற?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். அப்படியே, அந்தக் கேள்வியை நியாயமானதா ஆக்கிட்ட பெரிய மனுஷங்களுக்கும் கொஞ்சம் அர்ச்சனை.

முதல்ல புதுசா வர்றவங்களுக்கு. அமெரிக்கால முதல் டிவிஷன்ல மட்டும் 350க்கு மேல காலேஜ் டீம் இருக்கு. எல்லாரும் எல்லாரோடயும் ஆட முடியாது. அதனால கூட்டம் கூட்டமா பிரிஞ்சு ஆடுவாங்க. ஒவ்வொரு கூட்டமும் ஒரு கான்ஃபரன்ஸ். நவம்பர், டிசம்பர்ல வெளி டீம்களோட ஆடிட்டு, அப்புறம் மார்ச் தொடக்கம் வரைக்கும் பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளயேதான் ஆட்டம். நான் பின்தொடர்ற டீம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், செல்லமா யூகான். கான்ஃபரன்ஸ் பேரு பிக் ஈஸ்ட். யூகான் திரும்பி வந்த 2020லேர்ந்து அதுல 11 டீம். மத்த பத்து பேரோடயும் ரெண்டு ரெண்டு தடவை, நம்ம ஊர்ல ஒண்ணு, அவன் ஊர்ல ஒண்ணு. ஆக 20 ஆட்டம். டபுள் ரவுண்ட் ராபின்னு சொல்லுவாங்க. கணக்கு சுத்தம். எவனும் "எனக்கு மட்டும் கஷ்டமான டீமாப் போட்டுட்டாங்க"ன்னு அழ முடியாது.

இப்ப மார்ச் பார்ட்டிகளுக்கு வர்றேன். ஒத்தை ராத்திரி ஆட்டத்துல ஒரு டீமோட யோக்கியதை தெரிஞ்சுடும்னு சொல்றீங்கல்ல? 2018ல வர்ஜீனியா டீம் ஏசிசி கான்ஃபரன்ஸ்ல 18 ஆட்டத்துல 17 ஜெயிச்சுது. கான்ஃபரன்ஸ் கடைசில நடக்கற டோர்னமென்ட்டையும் ஜெயிச்சுது. நாட்டுலயே முதல் இடம்னு சொல்லி மார்ச் டோர்னமென்ட்டுக்குள்ள அனுப்பினாங்க. முதல் ஆட்டத்துலயே யுஎம்பிசிங்கற டீம் 74-54ன்னு ஆப்பு வெச்சு அனுப்பிடுச்சு. 16ஆம் நம்பர் டீம் ஒண்ணு 1ஆம் நம்பர் டீமை அடிச்சது ஆண்கள் டோர்னமென்ட்ல அதுதான் முதல் தடவை. பாக்க ஜோராத்தான் இருந்துச்சு, மறுக்கலை. ஆனா வர்ஜீனியா எப்படிப்பட்ட டீம்னு சொன்னது அந்த 40 நிமிஷமா, ரெண்டு மாசத்துக்கு மேல ஆடின 18 ஆட்டமா? அடுத்த வருஷமே, 2019ல, அதே கோச்சை வெச்சுக்கிட்டு அதே வர்ஜீனியா தேசியக் கோப்பையைத் தூக்குச்சு. பதில் அங்கயே இருக்கு.

மார்ச்ல ஒரு தடவை தோத்தா மூட்டை கட்டணும். கான்ஃபரன்ஸ்ல தோத்தவன் திரும்பி வருவான். ருசியே அங்கதான் இருக்கு.

நெப்ராஸ்கா மாநிலத்துல ஒமாஹான்னு ஒரு ஊரு. அங்க கிரெய்ட்டன்னு ஒரு காலேஜ். யூகான் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பினதுக்கப்புறம் 2021, 2022, 2023, 2024ன்னு நாலு வருஷமும் ஒமாஹாவுக்குப் போனாங்க, நாலு வருஷமும் தோத்தாங்க. இதுல 2023லயும் 2024லயும் யூகான்தான் தேசிய சாம்பியன்! நாட்டையே அடிச்சவங்களுக்கு ஒமாஹா மட்டும் வசப்படலை. காரணம் என்ன? கிரெய்ட்டன்ல ரயன் கால்க்பிரென்னர்னு ஏழடிக்கு மேல ஒரு ஆளு. அஞ்சு சீசன் அதே காலேஜ்லயே ஆடினார். வளையத்துக்கு முன்னாடி நங்கூரம் போட்ட மாதிரி நிப்பார், யாரையும் வெளில வந்து துரத்த மாட்டார். வெளில மூணு பாயின்ட் போடறவனை மத்த நாலு பேர் பாத்துக்குவாங்க, உள்ள ஓடி வர்றவனை இவர் மடக்குவார். மிச்சம் இருக்கறது நடுவாந்தர தூரம். கணக்குப்படி அதுதான் லாபம் கம்மியான ஷாட். "அதை வேணா போட்டுக்கோப்பா"ன்னு விட்டுடுவாங்க. 2022லேர்ந்து 2025 வரைக்கும் நாலு வருஷமும் பிக் ஈஸ்ட்டோட சிறந்த தடுப்பாட்டக்காரர் இவர்தான்.

2025 ஜனவரில இதே கிரெய்ட்டன் யூகான் வீட்டுக்கே, ஸ்டோர்ஸுக்கே, வந்து 68-63ன்னு ஜெயிச்சுட்டுப் போச்சு. வயித்தெரிச்சல். மூணு வாரம் கழிச்சு, பிப்ரவரில, யூகான் ஒமாஹாவுக்குப் போகுது. அதே ஏழடி ஆள், அதே இடத்துல நிக்கறார். முதல் வருஷப் பையன் லியாம் மெக்நீலி 38 பாயின்ட் போட்டு, 70-66ன்னு யூகான் முதல் தடவையா அந்த ஊர்ல ஜெயிச்சுது. அந்த சீசன்ல யூகான் கான்ஃபரன்ஸையும் ஜெயிக்கலை, மார்ச்லயும் ரெண்டாவது ஆட்டத்துலயே ஃப்ளோரிடாகிட்ட 77-75ல கிளம்பிடுச்சு. பிராக்கெட் பார்ட்டிக்கு அது வீணாப்போன வருஷம். எனக்கு அந்த ஒமாஹா ராத்திரி ஒண்ணு போதும். அஞ்சு வருஷம் பாத்தவனுக்குத்தான் அந்த ஒரு ஆட்டம் புரியும். அஞ்சு நிமிஷம் பாத்தவனுக்கு அது வெறும் ஸ்கோர்.

இன்னொரு உதாரணம் 2022-23. சீசனை யூகான் 14-0ன்னு ஆரம்பிச்சுது. ஆகா ஓகோன்னு ஊரே பேசுச்சு. அப்புறம் கான்ஃபரன்ஸ் நடுவுல உதை மேல உதை. சேவியர் ரெண்டு தடவையும் அடிச்சான். செயின்ட் ஜான்ஸ் ஹார்ட்ஃபோர்டுக்கே வந்து அடிச்சான். கான்ஃபரன்ஸ் கணக்கு கடைசில 13-7. ஆனா மார்ச்ல அதே டீம் ஆறு ஆட்டத்தையும் 13 பாயின்ட்டோ அதுக்கு மேலயோ வித்தியாசத்துல ஜெயிச்சு கோப்பையை வாங்குச்சு. மார்ச்ல பாத்தவங்க "எங்கேருந்துடா வந்தாங்க இவங்க"ன்னாங்க. எங்கேருந்தும் வரலை சாமி. ஜனவரில வாங்கின உதைலேர்ந்து வந்தாங்க. உங்க ஒவ்வொரு நகர்வையும் மனப்பாடமா வெச்சிருக்கற பத்து பேர்கிட்ட ரெண்டு ரெண்டு தடவை மாட்டி வெளில வந்தவனுக்கு, முன்னபின்ன தெரியாத டீம் ஒரு ராத்திரில என்ன பண்ணிட முடியும்?

சரி, இப்ப அர்ச்சனை.

இப்படி ஒரு அருமையான ஏற்பாட்டை பெரிய கான்ஃபரன்ஸ்கள் கூறு போட்டு வித்துடுச்சுங்க. வாங்கினது டிவி. வித்த சரக்கு பேஸ்கட்பால் கூட இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். காசெல்லாம் அங்கதான். 2022ல பிக் டென் கான்ஃபரன்ஸ் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல. அந்தக் காசைப் பாத்துட்டு ஃபுட்பால் எந்தப் பக்கம் ஓடுதோ, அது வாலைப் பிடிச்சுக்கிட்டு மத்த விளையாட்டெல்லாம் பின்னாடி ஓடணும்.

விளைவு? 2024லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யுசிஎல்ஏவும் நியூஜெர்சில இருக்கற ரட்கர்ஸும் ஒரே கான்ஃபரன்ஸ். பேரு பிக் டென், இருக்கறது 18 டீம். எண்ணிக்கையைக் கூட நேரா சொல்லாத கூட்டத்தை எப்படிங்க நம்பறது? 20 ஆட்டத்துல மூணு டீமோட ரெண்டு தடவை, மிச்சம் 14 டீமோட ஒரே தடவை. தோத்தா திருப்பிக் குடுக்க அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள பாதிப் பசங்க வேற காலேஜுக்கு மாறியிருப்பாங்க.

ஏசிசின்னா அட்லான்டிக் கரையோர கான்ஃபரன்ஸ். 1953ல ஆரம்பிச்சது. 2003-04 வரைக்கும் ஒன்பது டீம், 16 ஆட்டம், சுத்தமான ரெண்டு சுத்து. இன்னிக்கு அதுல ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பெர்க்லியும் இருக்கு. ரெண்டும் இருக்கறது பசிஃபிக் கரைல! அட்லான்டிக் எப்ப அங்க போச்சு? ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான மேரிலாண்ட் 2014லயே பிக் டென்னுக்கு ஓடிப் போயாச்சு. வருஷா வருஷம் டியூக்கோட அடிச்சுக்கிட்டிருந்த சண்டையும் அதோட போச்சு. மேற்குக் கரைல பேக்-12ன்னு ஒண்ணு இருந்துச்சே, 2024ல பத்து பேர் கிளம்பிப் போய் ரெண்டே ரெண்டு டீம் மிச்சம். அந்தக் கான்ஃபரன்ஸை டிவில வாய் ஓயாம கொண்டாடினவர் பில் வால்டன், பழைய யுசிஎல்ஏ ஆட்டக்காரர். அது கலைஞ்சுக்கிட்டிருந்த அதே 2024 மே மாசம் அவரும் போய்ச் சேந்துட்டார்.

எங்க யூகானும் இந்தக் கூத்துல அடிபட்ட டீம்தான். பழைய பிக் ஈஸ்ட் ஃபுட்பால் சண்டைல 2013ல உடைஞ்சுது. பேஸ்கட்பால்தான் முக்கியம்னு சொன்ன ஏழு கத்தோலிக்கக் காலேஜுங்க பேரை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிட்டாங்க. யூகான் ஃபுட்பாலைக் கட்டிக்கிட்டு அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்ல மாட்டிக்கிச்சு. ஏழு வருஷம் டல்சா, துலேன், ஈஸ்ட் கரோலினா. நல்ல காலேஜுங்கதான், குத்தம் சொல்லலை. ஆனா அவங்களுக்கும் நமக்கும் பங்காளிச் சண்டை கூடக் கிடையாதே! "2014ல அங்க இருந்துதானே தேசியக் கோப்பை வாங்கினீங்க?"ன்னு கேப்பீங்க. வாங்கினோம். அதான் என் பாயின்ட்டே. கோப்பை வந்தும் சீசன் செத்துப்போன வருஷங்கள் அது. சரி, ஃபுட்பாலால காசாவது வந்துச்சா? 2018 நிதியாண்டுல விளையாட்டுத் துறைக்கு ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் துண்டு விழுந்துச்சு. 2020ல 17 மில்லியன் டாலர் கட்டிட்டு வெளில வந்து, ஃபுட்பால் டீமைக் கான்ஃபரன்ஸே இல்லாம தனியா விட்டுட்டு, பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பினாங்க. அதுக்கப்புறம் நடந்ததை மேலயே சொல்லிட்டேன்.

எதிர்வாதம் ரெண்டு வரும், இப்பவே பாத்துடலாம்.

ஒண்ணு: "ஒமாஹா மட்டும் பக்கத்து ஊரா? அதுவும் ஆயிரம் மைலுக்கு மேலதானே?" ஆமாங்க. நான் மைல் கணக்குப் பாக்கலை. வருஷத்துக்கு ரெண்டு தடவை மூஞ்சியைப் பாத்தா ஒமாஹாக்காரனும் பக்கத்து வீட்டுக்காரன்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம ஊருக்கு வர்றவன் விருந்தாளி. விருந்தாளிகிட்ட யாராவது சண்டை போடுவாங்களா?

ரெண்டு: "ஃபுட்பால் காசுலதானே நீச்சல், ஓட்டம்னு சின்ன விளையாட்டெல்லாம் பொழைக்குது? யுசிஎல்ஏ கடன்ல மூழ்கித்தானே மாறுச்சு?" இது நியாயமான கேள்வி. கடன் நிஜம். ஆனா காசு ஃபுட்பாலுக்குத்தானே வருது? ஃபுட்பால் மட்டும் பறக்கட்டுமே! நோட்டர் டேம் ஃபுட்பாலைத் தனியா வெச்சுக்கிட்டு, மத்தது பெரும்பாலும் ஏசிசில ஆடுது. யூகானும் அதைத்தான் பண்ணுச்சு. முடியாத காரியம் இல்லை, பண்ண மனசில்லை. நீச்சல் பசங்களைக் காப்பாத்தறேன்னு சொல்லிட்டு, அதே பசங்களை நடு செமஸ்டர்ல கண்டத்தைத் தாண்டி விமானத்துல அனுப்பறது என்ன காப்பாத்தலோ! படிக்க வந்த புள்ளைங்க சார் அவங்க.

ஆக, மார்ச் மகாஜனங்களே, உங்க பிராக்கெட்டைக் கிழிக்கச் சொல்லலை. தாராளமா போடுங்க. ஆனா அடுத்த ஜனவரில ஒரே ஒரு டீமை எடுத்து, முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துலேர்ந்து கடைசி ஆட்டம் வரைக்கும் பாருங்க. பெரிய டீமா இருக்கணும்னு இல்லை. ஐவி லீக் இன்னும் எட்டு டீம், 14 ஆட்டம்னு ரெண்டு சுத்து ஆடுது. ஹார்வர்டு, யேல் பசங்க வெள்ளி, சனின்னு அடுத்தடுத்த ராத்திரி ஆடிட்டு திங்கக்கிழமை கிளாஸுக்குப் போறாங்க. அதைப் பாருங்க. முதல் சுத்துல உங்க டீமை அழ வெச்சவன் பிப்ரவரில உங்க ஊருக்கு வர்றப்ப, அந்த செவ்வாக்கிழமை ராத்திரி நீங்களும் கண்ணு முழிப்பீங்க.

பி.கு: "2011ல யூகான் கான்ஃபரன்ஸ்ல 9-9 தானே? அப்புறம் அஞ்சு நாள்ல அஞ்சு ஆட்டம் ஜெயிச்சு, தேசியக் கோப்பையும் வாங்கலையா? அப்ப கான்ஃபரன்ஸ் சீசன் வேஸ்ட்தானே?"ன்னு ஒரு நண்பர் நிச்சயம் வருவார். கெம்பா வாக்கர் பேரைச் சொன்னா எனக்கும் புல்லரிக்கும்ங்க. ஆனா அப்ப பழைய பிக் ஈஸ்ட்ல 16 டீம், 18 ஆட்டம். மூணு பேரோட மட்டும்தான் ரெண்டு தடவை. அந்த ஊதிப்போன கான்ஃபரன்ஸ் அடுத்த ரெண்டே வருஷத்துல வெடிச்சுது. இப்ப 18 டீம் வெச்சிருக்கறவங்க அந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கிட்டா நல்லது :-)