ஓசி அபிப்பிராயம்

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்குத் தூரத்து உறவு. காலைப் பலகாரத்துக்கு முதல் பந்தியிலேயே இடம் கிடைத்துவிட்டது. என் வலது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பெரிய மனிதர். பாங்கி ஒன்றில் அதிகாரியாய் இருந்து ஓய்வு பெற்றவர். இலையில் இட்லி விழுந்தது. அதன் பக்கத்தில் தேங்காய்ச் சட்னி விழுந்தது. பெரியவர் முதல் விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இந்த நாடு உருப்படாது, ஸார்" என்று ஆரம்பித்தார்.

"எல்லாவற்றையும் ஓசியிலே கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள். டி.வி. ஓசி, மிக்ஸி ஓசி, கிரைண்டர் ஓசி, இப்போது பொம்பளைகளுக்கு பஸ்ஸும் ஓசி. சிங்கப்பூரைப் பாருங்கள், அங்கே ஓசி உண்டா? எங்கள் வீட்டுக்குக்கூட அந்த டி.வி. ஒன்று வந்தது. விடுவானேன் என்று வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் எழுதுகிறவராச்சே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் தலையை ஆட்டினேன். பந்தியில் உட்கார்ந்து விவாதம் செய்யக்கூடாது என்பது ஒரு சம்பிரதாயம். ஆனால் நான் தலையாட்டியது சம்பிரதாயத்துக்காக அல்ல, கோழைத்தனத்தால். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடலாம். 2006 சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்து, ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதினாலு அங்குலப் பெட்டிகளைக் கொடுத்தது. 2011-ல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் தருவதாகச் சொல்லி, ஜெயித்து, அரிசி வாங்கும் குடும்ப அட்டைகளுக்கு அவற்றைக் கொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் ஆகாது, ஆனாலும் நேர்மையான தேர்தலின் வேரை இது அசைக்கிறது என்று 2013 ஜூலையில் கோர்ட்டு சொல்லிற்று. 2022-ல் பிரதமரே ஓர் எக்ஸ்பிரஸ் சாலைத் திறப்பு விழாவில், திருவிழாவில் மிட்டாய் விநியோகிப்பதுபோல் இருக்கிறது இது என்று கண்டித்தார். ஆகவே, பெரியவருக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் நானும் துணைக்கு இருந்தேன்.

2012-ல் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் என் தாயாரிடம், "நாளைக்கு வரமாட்டேம்மா, ரேஷன் கார்டுக்கு மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கறாங்களாம்" என்றார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ ஓட்டை வித்தாச்சு!" என்றேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "எங்க ஓட்டு எங்ககிட்டதான் இருக்கு, தம்பி. முன்னாடி டி.வி. குடுத்தாங்களே, அவங்களுக்கா போட்டோம்?" என்றார்.

இந்தப் பதிலுக்கு எந்த மேதாவியிடமும் மறுமொழி கிடையாது. ஒன்றரைக் கோடிப் பெட்டி கொடுத்த கட்சிக்கு 2011 தேர்தலில் கிடைத்த ஸ்தானங்கள் 23. ஓட்டை விற்கிற ஜனங்கள் இப்படியா வியாபாரம் செய்வார்கள்? பெட்டியையும் வாங்கிக்கொண்டு, கொடுத்தவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குப் பெயர் அடிமைத்தனம் என்றால், சுதந்திரம் என்பது என்ன?

அத்துடன் விஷயம் முடியவில்லை. அடுக்களையிலிருந்து என் தாயார் குரல் கொடுத்தார்: "ஏண்டா, உனக்கு இட்லி திங்கத் தெரியும். ஒரு நாளாவது மாவாட்டியிருக்கியா?"

நான் ஆட்டியதில்லை. எங்கள் வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் ஆட்டியதில்லை. நான் ஒன்பதாவது படிக்கிற வரையில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்தான். சனிக்கிழமை சாயந்திரம் என் தாயார் அதன் முன்னால் உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அரிசி தனி, உளுந்து தனி. உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். அவசரப்பட்டால் மறுநாள் இட்லி கல்லாகிவிடும். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். ராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொள்ளும் வாசனை எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இட்லியின் முன்னறிவிப்பு. அந்த வாசனைக்கு அர்த்தம் வலி என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சோம்பேறித்தனம் என்கிறார்களே, யாருடைய சோம்பேறித்தனம்? நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் அம்மியின் முன் குனிகிறவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் அவள் சோம்பேறி. காலையில் காபியும் பேப்பரும் இருந்த இடத்துக்கு வந்து சேரும் எனக்கு அதே ஒரு மணி நேரம் கிடைத்தால் நான் சிந்தனையாளன்! இந்த நியாயம் எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது?

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த கதையும் உண்டு. அப்பா சர்க்கார் குமாஸ்தா. தீபாவளிக்குக் கிடைத்த பண்டிகை முன்பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டி, பாக்கியைத் தவணையில் கொடுத்து வாங்கினார். அந்த முன்பணத்துக்கு வட்டி கிடையாது. வட்டியில்லாமல் பணம் கொடுத்தது சர்க்கார். அதை யாரும் ஓசி என்று சொல்லவில்லை. முன்பணம் என்று கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள்.

நான் வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன். ஆகவே, இந்தப் பெயர் விவகாரத்தை லேசில் விட எனக்கு மனசில்லை. 2015 வரையில் சமையல் காஸ் மானியம் மாளிகைக்கும் வந்தது, குடிசைக்கும் வந்தது. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அதை நிறுத்தியது 2016 ஜனவரியில்தான். அதுவரை அதன் பெயர் மானியம். வீட்டுக் கடன் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 2014 பட்ஜெட்டில் வரம்பை உயர்த்தினார்கள். அதன் பெயர் கழிவு. 2019 செப்டம்பரில், வேறு சலுகை கேட்காத கம்பெனிகளுக்கு வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் சர்க்காருக்கு வருஷத்தில் 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு போகும் என்று அப்போது சர்க்காரே சொல்லிற்று. அதன் பெயர் ஊக்கம். பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு ஒரு மிக்ஸி. அதன் பெயர் மட்டும் ஓசி!

"அதெல்லாம் வரி கட்டுகிறவனுக்குத் திருப்பிக் கொடுப்பது, ஸார்" என்பார் பெரியவர். நல்லது. அந்த அம்மாள் வரி கட்டவில்லை என்று யார் சொன்னது? அவர் வாங்கும் சோப்புக் கட்டியில் வரி இருக்கிறது. செல்போனுக்குக் கட்டும் பணத்தில் வரி இருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து இந்த ராஜ்யத்தில் சாராயத்தைச் சில்லறையில் விற்பதும் சர்க்கார்தான். குடிக்கிற புருஷன் ராத்திரிக்கு ராத்திரி அந்தக் கடையில் கொட்டிவிட்டு வந்த கூலி எவ்வளவு? அதிலிருந்து ஒரு மிக்ஸி திரும்பி வந்தது. கணக்குப் பார்த்தால், பாக்கி இன்னும் அவளுக்குத்தான் வர வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் கட்சிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனங்களின் பணத்தில் வாங்கிய பொருளில் தலைவர் படத்தை ஒட்டிக் கொடுப்பது அற்பத்தனம். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பிரயாணம் 2021 மே மாதத்தில் வந்தது. மறுவருஷமே அதைக் கொடுத்த ஆட்சியின் அமைச்சர் ஒருவர், 'ஓசி' என்று அதே பெண்களைப் பார்த்து மேடையில் சொன்னார். கொடுக்கிறவர்களின் மனசும் நம்முடைய மனசும் ஒன்றுதான் என்பது அன்று தெரிந்தது. கடன் வாங்கிக் கொடுக்கலாமா, எதற்கு முன்னுரிமை, பெட்டி முதலிலா ஆஸ்பத்திரி முதலிலா என்கிற கேள்விகள் நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையைச் சேர்க்காதவரும், சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவரும் "டி.வி.க்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே" என்று பெருமூச்சு விடும்போது, அந்தப் பெருமூச்சை நான் நம்புவதில்லை.

டி.வி. பார்த்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்பது இன்னொரு அபிப்பிராயம். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2003 வரையில் தமிழ்நாடு உள்பட ஐந்து ராஜ்யங்களின் கிராமத்துப் பெண்களை விசாரித்து, 2009-ல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கேபிள் டி.வி. புதிதாக வந்த ஊர்களில், புருஷன் அடிப்பது நியாயந்தான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். பிறப்பது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஆசை குறைந்தது. நாம் பரிகசிக்கிற அழுமூஞ்சித் தொடர்களைப் பார்த்து வந்த மாறுதல் இது. இருபது வருஷமாகப் பெண்ணின் துயரத்தை எழுதிவருகிற எனக்கு இதைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. என் நாவல்கள் போய்ச் சேராத வீட்டுக்குள் அந்தப் பெட்டி போயிருக்கிறது.

அப்படியானால் டி.வி.யால் கெட்டுப்போனவர்களே கிடையாதா? உண்டு. நம் கூடத்தில், சோபாவில், பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் திரையில் ஆறு கட்டம். ஆறு கட்டத்திலும் ஆறு தலைகள். ஆறும் ஒரே சமயத்தில் கத்துகின்றன. ஒன்பது மணிக்கு நாம் எழுந்திருக்கும்போது நம்மிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. விடிந்ததும் செல்போனில் பூங்கொத்துப் படத்தோடு அதே அபிப்பிராயம் யாரோ அனுப்பி வந்து நிற்கிறது. அதை நாம் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். பதினோரு மணிக்கெல்லாம் அது நம் சொந்த அபிப்பிராயம் ஆகிவிடுகிறது.

பெரியவர் சிங்கப்பூரைச் சொன்னாரே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். 2024 ஜனவரியில் சிங்கப்பூர் சர்க்கார் தன் பிரஜைகளின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 500 வெள்ளி மதிப்புள்ள கூப்பன் கொடுத்தது; பணக்காரன், ஏழை என்று பாராமல். சாப்பாட்டுக் கடையிலும் மளிகைக் கடையிலும் அதைச் செலவழிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளப் பெரியவருக்கு ஐந்து நிமிஷம் போதும். கையில் செல்போனும் இருந்தது. அவர் தேடிப் பார்க்கவில்லை. தேடுவதற்கு ஒரு சிறு உழைப்பு வேண்டும். வந்த அபிப்பிராயத்தை வந்தபடியே வைத்துக்கொள்வதற்கு உழைப்பு வேண்டாம். பதினாலு அங்குலப் பெட்டியைப்போல, விடுவானேன் என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பெட்டியையாவது வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். அபிப்பிராயத்தைப் பந்தி பந்தியாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்.

1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அது நாட்டுக்குத் தாங்காத செலவு என்று அன்றைக்கும் பேசியவர்கள் உண்டு. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, தேசம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ல் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. அன்று தாங்காத செலவாய் இருந்தது இன்று குழந்தையின் உரிமை. நடுவில் மாறியது சோறு அல்ல; நம் பேச்சுதான். மிக்ஸிக்கும் பஸ்ஸுக்கும்கூட நம் பேச்சு ஒரு நாள் மாறும். அதுவரையில் எத்தனை பேரை அவமானப்படுத்தப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் அவமானப்படுத்திய அந்த அம்மாள் அதற்கப்புறமும் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிரைண்டர் கிடைத்த வாரத்தில் ஒரு தூக்கில் மாவு கொண்டுவந்து என் தாயாரிடம் கொடுத்து, "பொங்கியிருக்கா, பாருங்கம்மா" என்றார். மறுநாள் அந்த மாவில் சுட்ட இட்லியை நான் தின்றேன். நன்றாகவே இருந்தது. அதைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு கல்யாணத்தில் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் தலையாட்ட மாட்டேன். அவர் இலையில் இருக்கிற சட்னியைக் காட்டி, "இதை அரைத்தது யார், ஸார்?" என்று கேட்பேன். பந்தியில் பேசக்கூடாது என்கிற சம்பிரதாயம் கெட்டுப்போனால் போகட்டும்.